முடிச்சு விடாத மெடிக்காகோ: குறை எந்தப் படியில், எந்த மரபணுவில்?

மெடிக்காகோ குதிரைமசாலுக்கு உறவான பயறுவகைச் செடி. அதன் வேர்முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தரும்; இதைத்தான் நைட்ரஜன் நிலைப்படுத்தல் என்கிறோம். பாக்டீரியா ஊற்றி மூன்று வாரம் கழித்து வேரைக் கழுவிப் பார்த்துவிட்டு, நோட்டில் ‘முடிச்சு இல்லை’ என்று எழுதினால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. முடிச்சு வராமல் போக ஒரு டஜன் காரணம் உண்டு. அதில் பாதிக்கு மரபணுவோடு சம்பந்தமே இல்லை. தண்ணீரில் கொஞ்சம் நைட்ரேட், சுத்தமில்லாத அகார் (செடியை வைத்து வளர்க்கும் ஜெல்), வெளிச்சம் பட்ட வேர், 30 டிகிரியைத் தொட்ட அறை என்று எதுவாக இருந்தாலும் நல்ல செடியை மியூட்டன்ட் (மரபணு கெட்ட செடி) போல நடிக்க வைத்துவிடும். செடிக்கும் பாக்டீரியாவுக்கும் நடந்த பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை. முடிச்சை எண்ணுவது அதில் ஒரு சின்ன பங்கு.

அந்தப் பேச்சின் வரிசையை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேர் ஃபிளவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. பாக்டீரியாவின் நாட்-டி புரதம் அதை உணர்ந்து மற்ற நாட் மரபணுக்களை இயக்குகிறது. நாட்-சி கைட்டின் சங்கிலியைக் கோக்கிறது, நாட்-பி ஒரு முனையில் அசிட்டைல் தொகுதியைக் கழற்றுகிறது, நாட்-ஏ அந்த இடத்தில் கொழுப்பு அமில வாலை ஒட்டுகிறது. இப்படி உருவாகும் நாட் காரணி என்ற சமிக்ஞை மூலக்கூறை, வேர்த்தூவியில் (வேரின் மெல்லிய முடியில்) இருக்கும் என்எஃப்பி, எல்ஒய்கே3 என்ற ஏற்பிகள் பிடிக்கின்றன. டிஎம்ஐ2, டிஎம்ஐ1 என்ற புரதங்கள் வழியாகச் செய்தி உட்கருவுக்குப் போய், அங்கே கால்சியம் துடிக்க ஆரம்பிக்கிறது. டிஎம்ஐ3 என்ற கைனேஸ் நொதி அந்தத் துடிப்பை வாசித்து ஐபிடி3 என்ற புரதத்தைத் தட்டி எழுப்ப, என்எஸ்பி1, என்எஸ்பி2, நின் ஆகிய மரபணு இயக்கிகள் வேலையைத் தொடங்குகின்றன. கீழே சொல்லும் ஒவ்வொரு கவனிப்பும் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியைச் சோதிக்கிறது.

எந்த ஜோடி?

செடி மெடிக்காகோ ட்ரங்கட்டுலா, பாக்டீரியா சைனோரைசோபியம் மெலிலோட்டி 1021. இந்த 1021-இன் மரபணுத்தொகை 2001-இல் வெளியானது. 36.5 இலட்சம் டி.என்.ஏ. இணைகள் கொண்ட ஒரு குரோமோசோம், 13.5 இலட்சத்தில் பி-சிம்-ஏ, 16.8 இலட்சத்தில் பி-சிம்-பி என்ற இரண்டு பெரிய பிளாஸ்மிடுகள் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டி.என்.ஏ.). நாட் மரபணுக்களும், நைட்ரஜனை நிலைப்படுத்தும் நிஃப் மரபணுக்களும் பி-சிம்-ஏவில் இருக்கின்றன. தொற்றுக்குத் தேவையான சக்சினோகிளைக்கான் சர்க்கரையைச் செய்யும் எக்ஸோ மரபணுக்கள் பி-சிம்-பியில்.

செடியில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. ஜெமலாங் ஏ17 மரபணுத்தொகைக்கு அடிப்படை, ஆர்108, டிஎன்டி1 செருகல் மியூட்டன்ட்டுகளுக்கு (டிஎன்டி1 என்ற தாவும் டி.என்.ஏ. துண்டு மரபணுவில் செருகிக்கொண்ட செடிகளுக்கு) அடிப்படை. ஆர்108-இல் கிடைத்த மியூட்டன்ட்டை ஏ17-ஓடு ஒப்பிடவே கூடாது. வளரும் வேகம், முடிச்சின் எண்ணிக்கை, விதைத்தோலின் கடினம் எல்லாமே இரண்டிலும் வேறு. பாக்டீரியாவையும் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. அதே இனத்தைச் சேர்ந்த ஆர்எம்41 ஏ17-இல் முடிச்சு போடும், ஆனால் அந்த முடிச்சில் நைட்ரஜன் நிலைப்படாது. செடியின் சில சிறு பெப்டைடுகள் (குட்டிப் புரதங்கள்) அந்தப் பாக்டீரியாவை உள்ளேயே கொன்றுவிடுகின்றன. இது தெரியாமல் ஆர்எம்41-ஐ ஊற்றியவர் தன் செடியில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு முறையும் குறைந்தது நான்கு கட்டுப்பாட்டுத் தொகுதிகள் வேண்டும்: பாக்டீரியா ஊற்றிய இயல்புச் செடி, ஊற்றாத இயல்புச் செடி, டிஎம்ஐ1 போல முடிச்சே விடாத தெரிந்த மியூட்டன்ட், நாட்-சி இழந்த பாக்டீரியா ஊற்றிய இயல்புச் செடி. ஒரு தொகுதிக்கு 20 செடிக்குக் குறையக்கூடாது. ஊற்றாத செடியில் ஒரு முடிச்சு கண்ணில் பட்டாலும் அந்தச் சுற்று முழுவதையும் தூக்கிப் போடுங்கள். மனம் வராது, ஆனால் வேறு வழியில்லை.

விதையை எழுப்புதல்

மெடிக்காகோ விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. அடர் கந்தக அமிலத்தில்தான் அதைக் கீற வேண்டும். ஈரமே இல்லாத கண்ணாடிக் குழாயில் ஈரமே இல்லாத விதையைப் போட்டு, விதை மூழ்கும் அளவு அமிலம் விட்டு, அவ்வப்போது மெல்லச் சுழற்றுங்கள். ஏ17-க்கு 8 நிமிடம் சரியாக இருக்கும். ஆர்108-க்கு 4, 5 நிமிடமே போதும். கடிகாரத்தைவிட விதையைப் பாருங்கள். மஞ்சள் பழுப்புத் தோலில் ஊசி குத்தியது போலக் கரும்புள்ளிகள் தெரியத் தொடங்கினால் நேரம் முடிந்தது.

அமிலத்தை பிப்பெட்டால் கடைசிச் சொட்டுவரை எடுத்துவிட்டு, பனிக்கட்டிபோல் குளிர்ந்த நீரை ஒரே மூச்சில் நிறைய ஊற்றுங்கள். கொஞ்சம் அமிலம் அடியில் கிடக்க, கொஞ்சம் தண்ணீர் விட்டால் குழாய் சூடேறி விதை வெந்துவிடும். பலருடைய விதை முளைக்காமல் போவது இந்த ஒரு இடத்தில்தான். ஆறு முறை கழுவிய பிறகு, 3 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 3 நிமிடம், மீண்டும் நுண்ணுயிர் நீக்கிய நீரில் ஆறு முறை. கண்ணாடி, கையுறை, ஃபியூம் ஹுட் இல்லாமல் அமிலத்தைத் தொட வேண்டாம்.

மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் விதை இரண்டு மடங்காகப் பருத்திருக்க வேண்டும். பருக்காதவற்றுக்கு அமிலம் போதவில்லை என்று பொருள். தோல் கழன்று வித்திலை மெத்தென்று ஆகியிருந்தால் அமிலம் மிஞ்சிவிட்டது. பருத்தவற்றை மட்டும் 1 விழுக்காடு நீர் அகாரில் பரப்பி, தட்டைச் சுற்றி ஒட்டி, கவிழ்த்து, இருட்டில் 4 டிகிரியில் 2 நாள் வையுங்கள். பிறகு ஒரு இரவு 22 டிகிரியில், கவிழ்த்தபடியே. தட்டு தலைகீழாக இருப்பதால் வேர் அகாருக்குள் நுழையாமல் காற்றில் நேராகத் தொங்கும். காலையில் 1 முதல் 1.5 செ.மீ. நீளத்தில் நூல் பிடித்தாற்போல் வேர்கள் கிடைக்கும். வளைந்த வேரைத் தட்டில் வைத்தால் வளைவின் வெளிப்பக்கம் அகாரை விட்டு எழும்பி, பாதித் தூவி காய்ந்துவிடும்.

நைட்ரஜன் இல்லாத தட்டு

மாற்றிய ஃபாரியஸ் ஊடகம் போதும். ஒரு லிட்டருக்கு நீரற்ற கால்சியம் குளோரைடு 0.1 கிராம், மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 0.12 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.1 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் டைஹைட்ரேட் 0.15 கிராம், ஃபெரிக் சிட்ரேட் 5 மி.கி. மாங்கனீசு, தாமிரம், துத்தநாகம், போரான், மாலிப்டினம் ஆகியவற்றின் உப்புகள் ஒவ்வொன்றும் 0.1 மி.கி. பி.எச். 6.5. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அடர்ந்த கரைசலாக ஒன்றோடொன்று கலந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். முக்கால் பங்கு நீர் விட்ட பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாலிப்டினத்தை ‘இம்மியளவுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். நைட்ரஜனை நிலைப்படுத்தும் நைட்ரஜனேஸ் நொதியின் மையத்திலேயே இரும்போடு அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

அகார்தான் இங்கே சந்தேகத்துக்குரிய ஆள். மலிவான அகாரில் நைட்ரஜன் ஒட்டிக்கொண்டு வரும். சுத்திகரித்த அகாரை 1.2 விழுக்காடு போடுங்கள். புது பாட்டில் திறக்கும்போதெல்லாம் இயல்புச் செடியை வைத்துச் சோதியுங்கள். ஊற்றாத செடி இரண்டு வாரத்தில் அடியிலையிலிருந்து வெளிர வேண்டும். பச்சைப்பசேலென்று நின்றால் தட்டில் எங்கோ நைட்ரஜன் இருக்கிறது. 10 மில்லிமோலார் பொட்டாசியம் நைட்ரேட் இருந்தால் முடிச்சு அநேகமாக நின்றுபோகும். அதைவிடக் குறைந்த அளவே எண்ணிக்கையைக் கலைக்கும்.

ஆறின ஊடகத்தில், எத்திலீன் (செடி விடும் ஹார்மோன் வாயு) உற்பத்தியைத் தடுக்கும் ஏவிஜி-யை 0.1 மைக்ரோமோலார் சேர்ப்பது வழக்கம். மூடிய தட்டில் சேரும் எத்திலீன் தொற்றை அடக்கும், செடிக்குச் செடி எண்ணிக்கையும் அலையும். ஆனால் உங்கள் மியூட்டன்ட்டில் முடிச்சு மிகுதியாக இருக்கிறது என்றால் ஏவிஜி இல்லாமலும் ஒரு முறை பார்த்தாக வேண்டும். எத்திலீனை உணராத சிக்கிள் மியூட்டன்ட்டை, ஏவிஜி போட்ட தட்டில் இயல்புச் செடியிலிருந்து பிரித்தறிவது கஷ்டம்.

12 செ.மீ. சதுரத் தட்டில் ஊடகத்தைச் சாய்வாக உறைய வைத்து, ஐந்து நாற்றுகளை வரிசையாக வைத்து, மேல்பக்கம் காற்றோட்டமுள்ள டேப்பால் ஒட்டுங்கள். கீழ்ப்பாதிக்குக் கறுப்புத் தாள் சுற்றுங்கள். ஏறக்குறைய நிமிர்ந்த நிலையில் நிறுத்தி, 16 மணி நேர வெளிச்சம், 22 முதல் 24 டிகிரி. மத்தியதரைக் கடலோரச் செடி இது. ஏசி இல்லாத அறையில் ஏப்ரல் மாதத்தில் இதை வளர்த்து முடிவு எழுதுவது வீண். பாக்டீரியா ஊற்றுமுன் 4 நாள் இப்படிப் பட்டினி போட வேண்டும். விதையில் இருந்த நைட்ரஜன் தீர்ந்தால்தான் வேர் துணை தேடும்.

பாக்டீரியா

பாக்டீரியாவை வளர்க்க டிஒய் ஊடகம்: ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 3 கிராம், ஆட்டோகிளேவ் செய்த பிறகு கால்சியம் குளோரைடு 6 மில்லிமோலார். 1021 ஸ்ட்ரெப்டோமைசினைத் தாங்கும், மி.லி.க்கு 200 மைக்ரோகிராம் போடலாம். 28 டிகிரியில் இரண்டு நாள் குலுக்கி, 600 நானோமீட்டரில் ஓ.டி. (கலங்கலின் அளவு) 1 வந்ததும் எடுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் இறக்கி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் இரண்டு முறை கழுவ வேண்டும். டிரிப்டோன் என்பதே நைட்ரஜன் மூட்டைதான். கழுவாமல் ஊற்றினால் செடிக்கு உரம் வைத்தது போல ஆகும், கூடவே ஸ்ட்ரெப்டோமைசினும் போகும்.

கழுவியதில் 1 மி.லி.யை 49 மி.லி. நீரில் விட்டால் ஓ.டி. 0.02. அது மி.லி.க்குச் சுமார் 2 கோடி செல்கள். வேர் ஒன்றுக்கு 1 மி.லி. ஊற்றி, தட்டைப் படுக்கவைத்து அரை மணி நேரம் விட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். அதிகம் ஊற்றினால் அதிக முடிச்சு வரும் என்று எண்ணி ஓ.டி. 0.5-இல் ஊற்றுபவர்கள் உண்டு. வேர்மேல் சளிப்படலம் கட்டியதுதான் மிச்சமாகும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. கடைசி ஆறு மணி நேரம் கல்ச்சரில் 3 மைக்ரோமோலார் லுட்டியோலின் என்ற ஃபிளவனாய்டு விட்டு வளர்த்தால் நாட் மரபணுக்கள் ஏற்கனவே விழித்திருக்கும், செடிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பதில் சொல்லும். ஆனால் செடியே ஃபிளவனாய்டு சுரக்காத மியூட்டன்ட்டாக இருந்தால் இதே உதவி குறையை மறைத்துவிடும். அதனால் இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள்.

வேலைக்கு எடுக்கும் பாக்டீரியாவை மாதக்கணக்கில் தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்க்காதீர்கள். 25 விழுக்காடு கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் இருப்பதிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோடிழுங்கள்.

நாள் கணக்கு

ஊற்றிய 10 நிமிடத்திலேயே தூவிச் செல்லின் உட்கருவைச் சுற்றிக் கால்சியம் துடிக்கும். அதைப் பார்க்க ஒளிரும் கால்சியம் உணரி பொருத்திய வேர் வேண்டும். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தூவி நுனி பருத்துக் கிளைக்கும். ஒன்று, இரண்டு நாளில் ஆட்டிடையன் தொரட்டிபோல் சுருண்டு பாக்டீரியாவை மடியில் கட்டும். 2 முதல் 4 நாளில் அந்த மடியிலிருந்து தொற்றிழை (பாக்டீரியா உள்ளே போகும் மெல்லிய குழாய்) உள்நோக்கி இறங்கும். அதற்கு முன்பே வேர்த்தோலுக்கு அடியிலுள்ள புறணிச் செல்கள் பிரிந்து பெருகத் தொடங்கியிருக்கும். 5-ஆம் நாள் வாக்கில் வெளியே மேடு தெரியும். 10 முதல் 14 நாளில் உள்ளே இளஞ்சிவப்பு ஏறும். இந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது. ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும் நைட்ரஜனேஸுக்கு அதுதான் காவல்.

ஆகவே 2, 5, 14, 21-ஆம் நாட்களில் தனித்தனித் தட்டுகளைத் திறங்கள். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் பூஞ்சை வந்து குடியேறும்.

தொற்றிழையைப் பார்க்க, எக்ஸ்-கால் சாயத்தை நீலமாக்கும் லாக்-இசட் மரபணு உள்ள பிளாஸ்மிட் ஏற்றிய 1021-ஐப் பயன்படுத்துங்கள். அந்தப் பிளாஸ்மிட் டெட்ராசைக்ளின் தடையோடு வருவது வழக்கம், மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். வேரை 0.1 மோலார் பைப்ஸ் பஃபரில், பி.எச். 7.2-இல், 2 விழுக்காடு குளூட்டரால்டிஹைடு கலந்து அரை மணி நேரம் நிலைப்படுத்துங்கள். முதல் 10 நிமிடம் வெற்றிடத்தில் வைத்தால் வேரிலுள்ள காற்று குமிழியாக வெளியேறி வேர் மூழ்கும். மூழ்காத வேரில் சாயம் ஏறாது. மூன்று முறை பஃபரில் கழுவி, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, ஃபெர்ரோசயனைடு இரண்டும் 5 மில்லிமோலார், 2 விழுக்காடு எக்ஸ்-கால் கரைசல் மி.லி.க்கு 40 மைக்ரோலிட்டர் சேர்த்து இருட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் கழுவி, நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் ஓரிரு நிமிடம் வெளுக்க விட்டால், கண்ணாடிபோன்ற வேரில் தொற்றிழை மட்டும் நீலக் கோடாகத் தெரியும். தொரட்டி வளைவில் ஒரு நீலப் பொட்டு, அதிலிருந்து தூவிக்குள் ஓடும் மெல்லிய நூல்: பார்க்க வேண்டியது இதைத்தான். வேர் முழுக்க மங்கலான நீலம் படர்ந்தால் பி.எச். இறங்கிவிட்டது அல்லது நிலைப்படுத்தியது போதவில்லை, செடியின் சொந்த நொதியே சாயத்தை உடைக்கிறது. ஊற்றாத வேரையும் கூடவே சாயமேற்றினால் இந்தச் சந்தேகம் தீரும்.

எங்கே நின்றது?

தூவி கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் முதலில் பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள், அது இயல்புச் செடியில் வேலை செய்கிறதா என்று. செய்தால், சுத்திகரித்த நாட் காரணியை 10 நானோமோலார் அளவில் நேரடியாக வேரில் விட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஏற்பியில் குறை. என்எஃப்பி மியூட்டன்ட் இப்படித்தான், கால்சியம் துடிப்பும் அதில் இருக்காது. நாட் காரணி சரியான வடிவில் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். மெலிலோட்டியின் காரணியில் ஒரு சல்பேட் தொகுதி உண்டு, அதை ஒட்டுவது நாட்-எச். நாட்-எச் கெட்ட பாக்டீரியா குதிரைமசாலில் முடிச்சு போடும் திறனை இழந்து, வெட்ச் என்ற வேறு பயறுவகைச் செடியில் முடிச்சு போடத் தொடங்கும். ஒரு சல்பேட்டில் விருந்து கொடுப்பவரே மாறிவிடுகிறார்.

தூவி நுனி பருக்கிறது, ஆனால் கிளைக்கவில்லை, முடிச்சு இல்லை என்றால் டிஎம்ஐ, என்எஸ்பி வரிசைக்கு வந்துவிட்டோம். இங்கே இரண்டு கேள்வி கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். கால்சியம் துடிக்கிறதா? டிஎம்ஐ1, டிஎம்ஐ2-இல் துடிக்காது. டிஎம்ஐ3-இலும் என்எஸ்பி-களிலும் துடிக்கும். மைக்கோரைசா பூஞ்சை (வேரோடு கூடி வாழும் இன்னொரு துணை) வேருக்குள் போகிறதா? மூன்று டிஎம்ஐ-களிலும் போகாது. என்எஃப்பி-யிலும் என்எஸ்பி1-இலும் பெரும்பாலும் போகும். முடிச்சுக்கான பாதை, அதைவிடப் பல கோடி ஆண்டுகள் பழைய மைக்கோரைசா பாதையைக் கடன் வாங்கிக் கட்டப்பட்டது. அதனால்தான் நடுவில் உள்ள மரபணுக்கள் இரண்டுக்கும் பொது.

மைக்கோரைசா சோதனைக்கு விலையுயர்ந்த சாயம் வேண்டாம். பாஸ்பேட் குறைந்த மணலில் ரைசோஃபேகஸ் பூஞ்சையோடு ஆறு வாரம் வளர்த்த வேரை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 95 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் வேகவையுங்கள். கழுவி, வெள்ளை வினிகரில் 5 விழுக்காடு கறுப்புப் பேனா மை கலந்து 3 நிமிடம் கொதிக்கவிட்டு, சில சொட்டு வினிகர் விட்ட நீரில் 20 நிமிடம் வைத்தால் போதும். பூஞ்சை இழை கருநீலமாகவும் வேர் வெளிறியும் நிற்கும். எல்லா மையும் ஒத்துவராது. கழுவினால் முழுவதும் போய்விடும் மையானால் பிராண்டை மாற்றுங்கள்.

தூவி நெளிகிறது, ஆனால் இறுக்கமான தொரட்டி வரவில்லையென்றால் எல்ஒய்கே3 பக்கம் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிச் சுருண்டு, நீல நூல் ஒன்றுகூட இறங்கவில்லையென்றால் நின். நூல் பாதி வழியில் முண்டுமுண்டாக வீங்கி நின்றால், செடியில் லின், வாபிரின், செல்சுவரைக் கரைக்கும் என்பிஎல் ஆகியவை முதல் சந்தேகம். பாக்டீரியாவில் எக்ஸோ மரபணு. சக்சினோகிளைக்கான் செய்யாத எக்ஸோ-ஒய் மியூட்டன்ட் ஊற்றினால் வெளியே வெள்ளை மேடு வரும், வெட்டிப் பார்த்தால் உள்ளே யாருமில்லாத வீடு. மேடு தெரிந்ததும் ‘முடிச்சு உண்டு’ என்று எண்ணிவிடுபவர்கள் ஏமாறும் இடம் இது. மேட்டைக் கட்டும் வேலையும் தொற்று இறங்கும் வேலையும் தனித்தனிப் பாதைகள். ஒன்று நின்றாலும் மற்றொன்று தன்பாட்டுக்கு ஓடும்.

முடிச்சு இருக்கிறது, எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கிறது, ஆனால் சிறியதாக வெள்ளையாக இருக்கிறது, செடியும் மஞ்சள் என்றால் நைட்ரஜன் நிலைப்படவில்லை. பட்டினியில் செடி மேலும் மேலும் முடிச்சு விடும், அந்தப் பெருக்கத்தை வேறு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முடிச்சை எடுத்து மேற்பரப்பை மட்டும் சுத்தம் செய்து நசுக்கித் தட்டில் பரப்பி, உள்ளே உயிரோடு பாக்டீரியா எவ்வளவு என்று எண்ணுங்கள். மற்றொன்றை நீளவாக்கில் வெட்டி, உயிருள்ளவற்றையும் செத்தவற்றையும் பிரித்துக் காட்டும் சாயத்தில் பாருங்கள். மெடிக்காகோவில் செடி சுமார் 700 என்சிஆர் பெப்டைடுகளைச் செய்து பாக்டீரியாவுக்குள் அனுப்புகிறது. அவற்றின் பிடியில் பாக்டீரியா பிரிவதை நிறுத்தி, தன் டி.என்.ஏ.வை மட்டும் 24 பிரதிவரை பெருக்கிக்கொண்டு நீண்ட பாக்டீராய்டாகிறது (நைட்ரஜனை நிலைப்படுத்தும் வடிவம் இதுதான்). டிஎன்எஃப்1 என்ற மரபணு அந்தப் பெப்டைடுகளை அனுப்பும் வாசலின் ஒரு பகுதி. அது கெட்டால் பாக்டீரியா சின்னதாகவே இருந்துவிடும். டிஎன்எஃப்4, டிஎன்எஃப்7 இரண்டும் தனித்தனி என்சிஆர் பெப்டைடுகள், 700-இல் ஒன்று போனாலே முடிச்சு வேலை செய்யாது. பாக்டீரியா பக்கத்தில் பேக்-ஏ புரதம் இல்லையென்றால், செல்லுக்குள் விடப்பட்ட உடனே இந்தப் பெப்டைடுகளில் செத்துப்போகும். பாக்டீராய்டு சரியாக உருவாகியும் வேலை செய்யவில்லையென்றால் நிஃப்-எச், நிஃப்-டி, நிஃப்-கே அல்லது அவற்றை இயக்கும் ஃபிக்ஸ்-எல், ஃபிக்ஸ்-ஜே. ஃபிக்ஸ்-எல் ஆக்சிஜன் குறைவதை உணரும்வரை நிஃப் மரபணுக்கள் எழுந்திருக்காது.

டிஎன்எஃப்2-இல் ஒரு விசித்திரம். அதன் குறை, எந்த ஜெல்லில் வளர்த்தோம் என்பதைப் பொறுத்துத் தெரியும் அல்லது மறையும். ஒரே ஊடகத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மணல் அல்லது பெர்லைட்டிலும் ஒரு முறை வளருங்கள்.

நிலைப்படுத்தலை அளக்க அசிட்டிலீன் சோதனை. நைட்ரஜனேஸ் அசிட்டிலீனை எத்திலீனாக மாற்றும், அதுதான் இங்கே அளவுகோல். முழு வேரோடு செடியை 10 மி.லி. மூடிய குப்பியில் இட்டு, 1 மி.லி. காற்றை வெளியே எடுத்து 1 மி.லி. அசிட்டிலீன் செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்து எத்திலீனை கேஸ் குரோமட்டோகிராஃபியில் அளக்கிறோம். முடிச்சைத் தனியாகப் பிய்த்துப் போட்டால் வேகம் சரியும். அசிட்டிலீன் விடாத ஒரு செடிக் குப்பியும், செடியில்லாத அசிட்டிலீன் குப்பியும் கட்டாயம். செடியே எத்திலீன் விடும், சிலிண்டர் வாயுவிலும் கொஞ்சம் எத்திலீன் கலந்திருக்கும். இந்த வாயு தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முடிச்சு மிதமிஞ்சி இருந்தால் அது கட்டுப்பாடு அறுந்த செடி. சன் மியூட்டன்ட்டில் குறை தண்டில், ஆர்டிஎன்1-இல் குறை வேரில். ஒட்டுக்கட்டினால் தெரிந்துவிடும்: மியூட்டன்ட் தண்டை இயல்பு வேரில் ஒட்டியும் முடிச்சு பெருகினால் கட்டளை தண்டிலிருந்து வருகிறது. சிக்கிளில் முடிச்சுகள் நெருக்கமாக ஒரு பட்டையாகக் குவிந்திருக்கும், பார்த்த மாத்திரத்தில் பிடிபடும்.

அந்த மரபணுதானா?

டிஎன்டி1 செடி ஒன்றில் பத்துக்கணக்கான செருகல்கள் இருக்கும். ஒரு செருகலைக் கண்டதும் அதுதான் காரணம் என்று எழுதிவிடக்கூடாது. இயல்புச் செடியோடு கலந்து, இரண்டாம் தலைமுறையில் விகிதம் பாருங்கள். 92 செடியில் 70 முடிச்சுள்ளவை, 22 இல்லாதவை என்று வைத்துக்கொள்வோம். 3:1 என்றால் 69:23 வர வேண்டும். கை-வர்க்கம் (எதிர்பார்த்ததிலிருந்து விலகிய அளவு) 0.06, தாண்டக்கூடாத எல்லை 3.84. ஒரே ஒடுங்கு மரபணு என்று கொள்ளலாம். பிறகு பி.சி.ஆர்.: முடிச்சில்லாத 22-இலும் செருகல் இரட்டையாக (மரபணுவின் இரு பிரதியிலும்) இருக்க வேண்டும். ஒரே ஒரு செடி விலகினாலும் அதைத் தனியாக மறுபடி சோதியுங்கள், அடுத்த தலைமுறையையும் பாருங்கள். ஊற்று சரியாகப் படாத செடியாக இருக்கலாம், அல்லது நீங்கள் பிடித்தது பக்கத்து மரபணுவாக இருக்கலாம்.

முடிவான சாட்சி மீட்பு: நல்ல மரபணுவை மியூட்டன்ட்டின் வேரில் திரும்ப ஏற்றி, முடிச்சு வருகிறதா என்று பார்ப்பது. மரபணுவைச் சுமந்து போவது அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியா, ஏ-ஆர்-குவா1 வகை. நாற்றின் வேர்நுனியில் 3 மி.மீ. வெட்டி, வெட்டுவாயை அக்ரோபாக்டீரியம் காலனியில் தொட்டு, கனாமைசின் லிட்டருக்கு 25 மி.கி. கலந்த தட்டில் முதல் வாரம் 20 டிகிரியில் வையுங்கள். வெப்பம் கூடினால் மாற்றம் சரிவர நடக்காது. மூன்று வாரத்தில் சிவப்பாக ஒளிரும் வேரை (மரபணுவோடு ஏற்றிய அடையாளப் புரதத்தின் ஒளி அது) மட்டும் விட்டு மற்றதை நறுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு வேரும் ஒரு தனி நிகழ்வு, அதனால் 20 செடி என்பது 20 தனி முயற்சிக்குச் சமம். வெற்று வெக்டர் (மரபணு வைக்காத சுமப்பி டி.என்.ஏ.) ஏற்றிய வேர்களும் அதே எண்ணிக்கையில் வேண்டும்.

இங்கே தவறும் இடங்கள் மூன்று. அக்ரோபாக்டீரியத்தைக் கொல்லப் போட்ட செஃபோடாக்சைம் வேரில் தங்கியிருந்தால், அடுத்து ஊற்றும் சைனோரைசோபியத்தையும் கொல்லும். மருந்தில்லாத தட்டில் ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள். இரண்டாவது, 35எஸ் இயக்கி (மரபணுவை இயங்க வைக்கும் டி.என்.ஏ. பகுதி) தொற்று நடக்கும் செல்களில் சோம்பலாக வேலை செய்யும். மரபணுவின் சொந்த இயக்கிப் பகுதியோடு ஏற்றுவதே நல்லது. மூன்றாவது, டிஎம்ஐ3-இன் கைனேஸ் பகுதியை மட்டும் வெட்டி ஏற்றினால் பாக்டீரியா இல்லாமலேயே முடிச்சு வரும். ஊற்றாத தட்டு ஒன்று கூடவே இல்லையென்றால் அதை மீட்பு என்று நம்பி ஏமாறுவீர்கள்.

இந்தக் கணக்கை அப்படியே நிலக்கடலைக்குக் கொண்டுபோக வேண்டாம். அதில் தொற்றிழையே கிடையாது. பக்கவேர் வெடித்து வெளிவரும் இடுக்கு வழியாகப் பாக்டீரியா நுழைந்து, செல்களுக்கு நடுவே பரவுகிறது. வேர்த்தூவியில் தொரட்டி தேடாமல், பக்கவேர் அடியில் உள்ள தூவிக்கொத்தைப் பாருங்கள். நெட்டிச் செடிக்கு உறவான எஸ்கினோமினி இண்டிகா இன்னும் ஒரு படி மேலே. அதில் முடிச்சு போடும் ஒளிச்சேர்க்கை செய்யும் பிராடிரைசோபியம் பாக்டீரியா சிலவற்றில் நாட்-ஏ, நாட்-பி, நாட்-சி மரபணுக்களே இல்லை என்று 2007-இல் தெரிந்தது. நாட்-சிக்கான பி.சி.ஆரில் பட்டை வரவில்லை என்று அந்த முடிச்சிலிருந்து எடுத்த காலனியை எறிந்துவிடாதீர்கள். நிஃப்-எச்சுக்குப் பாருங்கள், பிறகு அதே செடியில் திரும்ப ஊற்றிப் பாருங்கள்.